ஆறாவது கேசட்

கிணத்துக்கடவு,
14-4-1996, ஞாயிற்றுக்கிழமை,
காலை 9.20 மணி.

அன்பு மகள் சண்முகப்ரியாவுக்கு உன் அப்பா ராசப்பன் எழுதுவது. தாது வருடம் பிறந்திருக்கும் இந்த வேளையில் நீயும் மாப்பிள்ளை ரவிக்குமார் அவர்களும் மஸ்கட்டில் உடல் சுகத்தோடும் மன அமைதியோடும் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் வயதுக்கு உரிய வலிகளைத் தவிர வேறு குறை இல்லாமல் இருக்கிறோம். உன் மகன் கௌதமனுக்கு இன்றோடு மூன்று வருடம் ஐந்து மாதம் இரண்டு நாள். நன்றாக உண்கிறான், ஓடுகிறான், சென்ற வியாழக்கிழமை எடை பதின்மூன்று கிலோ நானூறு கிராம். வழக்கமாக இந்த இடத்தில் அவனும் நலம் என்று எழுதுவேன். இந்தக் கடிதத்தில் அந்தச் சொல்லை எழுதவில்லை. காரணம் சொல்வதற்கு முன் ஒரு வேண்டுகோள். நீ வார்டில் வேலையில் இருக்கும்போது இதைப் பிரித்திருந்தால் மடித்து வைத்துவிடு. அறைக்குப் போய், மாப்பிள்ளையையும் உட்கார வைத்துக்கொண்டு, கடைசி வரி வரை படித்த பிறகே உடன் இருக்கும் கேசட்டைப் போட்டுக் கேள்.

இதை நான் தபாலில் சேர்க்கவில்லை. நீ போன பிறகு எனக்கு எழுதியவை நாற்பத்தொரு கடிதங்கள். உறைமீதுள்ள முத்திரைகளைக் கொண்டு கணக்கிட்டால் ஒரு கடிதம் வந்து சேரச் சராசரியாகப் பதினோரு நாள் ஆகிறது, ஒன்று இருபத்தாறு நாள் எடுத்துக்கொண்டது. அந்த ஆபத்தை இப்போது ஏற்க முடியாது. உக்கடம் சிக்கந்தர், உங்கள் தெருவில் தையற்கடையில் இருப்பவர், விடுமுறை முடிந்து 17-4 புதன்கிழமை புறப்படுகிறார். அவர் கையில் கொடுத்து உன் கையிலேயே சேர்ப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். நீ 18-3-1996 தேதியிட்டு எழுதியது 29-3இல் கிடைத்தது. பையன் நன்றாகப் பேசுகிறான், எங்களிடம் ஒட்டிக்கொண்டான், அதனால் ஜூன் மாத விடுமுறையை விட்டுவிட்டு 30-4 அன்று இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறோம் என்று எழுதியிருந்தாய். கண்ணு, கையெழுத்துப் போடாதே. நீ எந்த நம்பிக்கையில் அந்த முடிவுக்கு வந்தாயோ அது பொய். கௌதமன் பேசவில்லை. ஒரு சொல்கூட இல்லை. கேசட்டுகளில் நீ கேட்ட குரல் அவனுடையது அல்ல.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். நீ 6-6-1994 அன்று புறப்பட்டபோது அவனுக்கு ஒன்றரை வயது கடந்து இருபத்தைந்து நாள். ‘ம்மா’ என்ற ஒலியும் ‘பா’ என்ற ஒலியும் அவனிடம் இருந்தன. அவை சொற்களா வெறும் ஒலிகளா என்று அன்று நாம் யோசிக்கவில்லை. செப்டம்பரில் அவனுக்குக் காய்ச்சல் வந்ததாக எழுதியிருந்தேன் அல்லவா, சளிக்காய்ச்சல், மூன்று நாள் என்று. அது 9-9 முதல் 19-9 வரை பதினோரு நாள். அதில் ஐந்து நாள் பொள்ளாச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஊசியும் குளுக்கோஸுமாகக் கிடந்தான். புதிதாகப் போன இடத்தில் நீ அழுதுகொண்டு நிற்பாய் என்று உன் அம்மா சொன்னாள், நானும் எழுத்தில் எட்டு நாளைக் குறைத்தேன். அதற்குப் பிறகு ‘ம்மா’ என்ற ஒலி கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது. எந்தத் தேதியில் நின்றது என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் தேதி குறித்து வைக்கும் நான் இதைக் குறிக்கவில்லை. பிறகு 9-1-1995இல் நீ கேட்டு எழுதினாய். இரண்டு வயது முடிந்துவிட்டது, இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறானா, ஒரு கேசட்டில் பதிவு செய்து அனுப்புங்கள் என்று. நர்ஸாக நீ கேட்க வேண்டிய கேள்வியைச் சரியான நேரத்தில்தான் கேட்டாய். 5-2-1995 ஞாயிறு மாலை டேப்ரிக்கார்டரை வைத்துக்கொண்டு நானும் உன் அம்மாவும் ஒரு மணி நேரம் அவனைக் கெஞ்சினோம். “அம்மான்னு சொல்லு சாமி, ஒருவாட்டி சொல்லு தங்கம்” என்று உன் அம்மா பாவாத்தாள் சொல்லச் சொல்ல அவன் அவள் வாயையே பார்த்துச் சிரித்தான். பக்கத்து வீட்டுக் கிருபா, அப்போது அவளுக்கு மூன்று வயது, சும்மா கூட உட்கார்ந்திருந்தவள், பொறுக்க மாட்டாமல் “அம்மா, நான் சோறு உண்டுபோட்டேன், நீங்க எப்ப வாரீங்க?” என்று கணீரென்று சொல்லிவிட்டாள். நான் நிறுத்தி அழிக்கப் போனேன். “இருக்கட்டுமுங்க. புள்ள அங்க ஒத்தையில கெடக்கறா, கேட்டு சந்தோசப்படட்டும். இன்னும் ரெண்டு மாசத்துல இவனே பேசிப்போடுவான்” என்றாள் உன் அம்மா. நான் கையை எடுத்துக்கொண்டேன்.

மில்லின் டைம் ஆபீஸில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். ஒருவன் வருகைச் சீட்டை இன்னொருவன் அடித்தால் அது எவ்வளவு சின்ன உதவியாக இருந்தாலும் விட்டதில்லை. வெள்ளியங்கிரி என்ற சாயப்பட்டறைத் தொழிலாளி தன் தம்பிக்காக ஒரே ஒருநாள் சீட்டடித்ததற்கு ஏழு நாள் வேலைநீக்கம் எழுதினேன். “நீங்களும் புள்ளகுட்டிக்காரருதானுங்க” என்று அவர் கைகூப்பியும் எழுதினேன். அந்த நான், கௌதமன் இடத்தில் கிருபாவை நிறுத்தி ஐந்து முறை வருகை பதிந்திருக்கிறேன். 5-2-1995, 14-5-1995, 20-8-1995, அவனுடைய பிறந்தநாளான 12-11-1995, பொங்கலன்று 15-1-1996. முதல் முறைக்குத் தற்செயல் என்று சொல்லிக்கொள்ளலாம், மற்ற நான்குக்கும் கிருபாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். 6-12-1995 கடிதத்தில் நீ கேட்டாய், குரல் பெண்பிள்ளைக் குரல்போல் மெல்லிசாக இருக்கிறதே, தொண்டையில் ஏதாவதா என்று. சளி என்று என் கையால் பதில் எழுதினேன். அந்தக் கேசட்டை நீ வார்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்டுவதாகவும், ‘எப்ப வாரீங்க’ என்ற இடம் தேய்ந்துவிட்டதாகவும் எழுதியதை நான் மூன்று முறை படித்தேன், நான்காம் முறை படிக்க முடியவில்லை. இப்போது நிலைமை என்னவென்றால், எங்கள் வீட்டு டேப்ரிக்கார்டரைத் துடைக்க வெளியில் எடுத்தாலே கிருபா ஓடிவந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, “நாந்தான் கௌதமன் பேசறேன்” என்று தானாகத் தொடங்கிவிடுகிறாள். அவன் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் உதடுகள் அசைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மெதுவாகப் பேசுவான் என்றே நாங்கள் மனதாரப் பேசிக்கொண்டோம். பாவாத்தாள் நாக்கில் வசம்பு உரைத்துத் தடவினாள், தேன் வைத்தாள். தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைக் காட்டுவான், வெளியே போக வேண்டுமென்றால் என் செருப்பைக் கொண்டுவந்து வைப்பான், நாங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னால் புரிந்துகொள்வான், அதனால் காது கேட்கிறது என்றே எண்ணிவிட்டோம். உண்மை தெரிந்த நாள் 2-3-1996 சனிக்கிழமை, பகல் 11.50. நமக்குக் கிழக்கே வேங்கடசாமி கவுண்டர் தோட்டத்தில் கிணற்றில் தண்ணீர் வற்றி, அடியில் பாறைக்கு வெடி வைத்து ஆழப்படுத்துகிறார்கள். வெடிக்கும் முன் ஆட்கள் மேட்டில் ஏறி நின்று, “வேட்டு! வேட்டு! வேட்டு!” என்று மூன்றுமுறை கத்துவார்கள். அந்தக் குரலுக்கு நாய்கூட வீட்டுக்குள் வந்துவிடும். அன்று நான் வாசலில் நின்று பார்த்தால், கௌதமன் கிளுவை வேலி ஓரத்தில் மண்ணில் விளையாடிக்கொண்டிருக்கிறான். மேட்டிலிருந்த ஆள் அவனைப் பார்த்துவிட்டு, “ஏய் பையா, ஓடு! ஏனுங்க, ஆருங்க அங்க, புள்ளையத் தூக்குங்க!” என்று அலறுகிறான். கிருபா அலறுகிறாள். நான் அவன் பெயரைச் சொல்லி என் உயிர் உள்ள மட்டும் கத்தினேன். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மண்ணைக் குவித்துக்கொண்டே இருந்தான். நான் ஓடிப் பாதி தூரம் போவதற்குள் வெடித்துவிட்டது. அப்போதும் அவன் கிணற்றுப் பக்கம் பார்க்கவில்லை, தன் கைக்கு அடியில் மண் அதிர்ந்ததால் மண்ணைப் பார்த்தான். ஒரு கல் அவனுக்கு முன்னால் இரண்டு முழத்தில் வந்து விழுந்தது. அதை எடுத்துப் பார்த்தான், சூடாக இருந்தது போலும், கை மாற்றிக்கொண்டான், திரும்பி என்னைக் கண்டு சிரித்து, அதைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தான். கால் கிலோவுக்கு மேல் இருக்கும். இந்தக் கடிதத்தாள் காற்றில் பறக்காமல் இருக்க அந்தக் கல்லைத்தான் மேலே வைத்திருக்கிறேன்.

7-3 வியாழனன்று கோயமுத்தூருக்குக் கொண்டு போனோம். காது டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, அழுக்கும் இல்லை, சீழும் இல்லை, கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும் என்று அனுப்பினார். 11-3 திங்களன்று சத்தம் புகாத ஓர் அறையில் சோதனை. அஃப்ரா என்ற பெண், கோட்டைமேட்டைச் சேர்ந்தவர், காதுச் சோதனையும் பேச்சுப் பயிற்சியும் படித்துவிட்டு வந்தவர், வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. முதலில் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார். பிறந்த தேதி, எடை, தலை நின்ற மாதம், நடந்த தேதி, எல்லாவற்றுக்கும் நான் நோட்டைப் பாராமல் சொன்னேன். “தாத்தா மாதிரி ஒருத்தர் எல்லா ஊட்லயும் இருந்தா எங்க வேலை பாதியாக் கொறைஞ்சுருமுங்க” என்று சிரித்தார். அடுத்த கட்டம், முதல் சொல் சொன்ன தேதி. அதற்கு மட்டும் நோட்டைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எத்தனை சொல் பேசுகிறான் என்று கேட்டார். பாவாத்தாள் அழத் தொடங்கினாள். அந்தக் கட்டத்தை அவர் காலியாக விட்டுவிட்டார். பிறகு கௌதமனை என் மடியில் வைத்து, அவன் முன்னால் அஃப்ரா ஒரு பொம்மையைக் காட்ட, அவனுக்குப் பின்னால் ஒரு ஆள் கிலுகிலுப்பை, மணி, விசில் என்று ஒவ்வொன்றாக ஒலிக்கச் செய்தார். அவன் பொம்மையையே பார்த்தான். சின்ன மத்தளத்தைத் தட்டியபோது திரும்பினான். நான் மகிழ்ந்துபோய், “கேக்குதுங்களே!” என்றேன். அஃப்ரா மத்தளத்தை மேசையிலிருந்து எடுத்துக் கையில் பிடிக்கச் சொல்லி மீண்டும் தட்டச் சொன்னார். இம்முறை அவன் திரும்பவில்லை. முன்பு அவனைத் திருப்பியது மேசையின் அதிர்வு.

இவ்வளவு போதாது, சரியான அளவு தெரிய வேண்டும், குழந்தையைத் தூங்க வைத்து நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டிப் பார்க்கும் பெரா சோதனை செய்ய வேண்டும் என்றார்கள். உனக்குத் தெரிந்திருக்கும். தேதி 21-3 என்று கொடுத்தார்கள். விடியற்காலையிலேயே எழுப்பிவிடுங்கள், வரும் வழியில் தூங்கவிடாதீர்கள், இங்கே வந்துதான் தூங்க வேண்டும் என்று எழுதியே கொடுத்தார்கள். நான்கு மணிக்கு எழுப்பினோம். ஆனால் பஸ்ஸில் ஈச்சனாரி வருவதற்குள் என் தோளில் சாய்ந்தான். பாவாத்தாள் தாங்காமல், “அஞ்சு நிமிசம் கண்ணு மூடட்டுமுங்க, பாவம்” என்றாள், நானும் எழுப்பவில்லை. அங்கே போனபின் மருந்து கொடுத்தும் தூங்கவில்லை, ஒயரைப் பிய்த்து எறிந்துவிட்டான். மறு தேதி 9-4தான் கிடைத்தது. ஐந்து நிமிட இரக்கத்துக்குப் பத்தொன்பது நாள் போயிற்று. 9-4 அன்று ஈரத் துணியால் முகத்தைத் துடைத்துத் துடைத்து அழைத்துப் போனேன், சோதனை முடிந்தது. முடிவு 11-4 வியாழனன்று கொடுத்தார்கள். வலது காது எண்பது டெசிபல், இடது காது எண்பத்தைந்து, அதற்குக் குறைந்த எந்தச் சத்தமும் அவனுக்கு எட்டாதாம். நகல் இதனுடன் இருக்கிறது, உனக்கு இந்த எண்கள் என்னைவிட நன்றாகப் புரியும். காய்ச்சலால் வந்ததா, அதற்கு முன்பே இருந்ததா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தப் பதினோரு நாளை உனக்கு உண்மையாக எழுதியிருந்தால், காதைப் பாருங்கள் என்று மறுதபாலிலேயே நீ எழுதியிருப்பாய் என்பது எனக்குத் தெரியும். அதை டாக்டர் சொல்ல வேண்டியதில்லை.

அஃப்ரா சொன்னதை நான் அன்றே எழுதி வைத்துக்கொண்டேன், அப்படியே தருகிறேன். “அய்யா, முழுசாப் போகலீங்க. கொஞ்சம் மிச்சமிருக்குது. மிசினு மாட்டி, தெனமும் பேச்சுப் பயிற்சி குடுத்தா அந்த மிச்சத்த வெச்சே பேச்சுக் கொண்டாந்தர முடியுமுங்க. ரெண்டு வயசுல வந்திருந்தா இன்னும் சுளுவா இருந்திருக்கும். இப்பவும் கைமீறிப் போகலீங்க. ஆனா இனி ஒரு மாசங்கூட வீணடிக்கக் கூடாதுங்க, அஞ்சு வயசுக்கு மேல போச்சுன்னா ஒவ்வொரு வார்த்தைக்கும் பாறையில கெணறு வெட்டறாப்ல ஆயிருமுங்க.” கிணற்றின் கதையை நான் அவரிடம் சொல்லவில்லை, தாமாகவே அப்படிச் சொன்னார். காதுக்கு அச்சு எடுத்துவிட்டார்கள். 2-5 வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கருவி மாட்டுகிறார்கள். மார்பில் பெட்டியும் காதுக்கு ஒயருமாக இருக்கும், பாவாத்தாள் நான்கு சட்டைகளில் அதற்குப் பை தைத்துவிட்டாள். அதன்பின் வாரம் இரண்டு நாள் அங்கே பயிற்சி, மற்ற நாட்களில் வீட்டில் காலை முதல் மாலை வரை ஒருவர் அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்து ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு செயலுக்கும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். “ஆரு செய்யறீங்க?” என்று கேட்டார். நாங்கள் இருவரும் என்றேன். எங்கள் வயதைக் கேட்டு எழுதிக்கொண்டார். எனக்கு அறுபத்தேழு, பள்ளியில் வாத்தியார் உத்தேசமாக எழுதிய தேதிப்படி. என்னைப் பெற்றவர்கள் பண்ணையத்தில் இருந்தவர்கள், அவர்களிடம் தேதி இல்லை. உன் அம்மாவுக்கு அறுபத்திரண்டு, முன்பற்கள் இல்லாததால் அவள் உதட்டைப் படிப்பது அவனுக்குக் கடினம் என்றும் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார், “அம்மா எப்பங்க வர்றாங்க?” ஐந்து கேசட்டிலும் இருந்த அதே கேள்வி. ஜூனில் என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய்யாகிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. துடியலூர் சம்பந்தி அரங்கசாமி அவர்கள் 24-3 ஞாயிறன்று வந்திருந்தார். நான் மறைக்காமல் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “ஆம்பளப்புள்ள மெதுவாத்தானுங்க பேசும். எங்க ரவி நாலு வயசு வரைக்கும் வாயே தொறக்கல, இன்னைக்கு அவன் வாய மூட ஆளில்ல. அவசரப்பட்டு நீங்க காதுல பொட்டியக் கட்டிப்போட்டீங்கன்னா, எங்க வமுசத்துக்குச் செவிடங்கற பேரு நெலைச்சுப் போகுமுங்க” என்றார். மேட்டுப்பாளையம் ரோட்டில் யாரோ ஒருவர் நாக்குக்கு அடியில் நரம்பை வெட்டிவிடுகிறாராம், வெட்டிய மறுவாரம் பிள்ளைகள் படபடவென்று பேசுகிறார்களாம். 5-5 ஞாயிறு நல்ல நாள், அன்று வந்து பையனைக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். காது கேட்காத பிள்ளையின் நாக்கை வெட்டி என்ன ஆகும் என்று நான் கேட்டதற்கு, “பேரன் எங்க பேரனுமுங்க, ரவிக்கு மாமனாருன்னு நீங்க வளத்தறீங்க, அவ்வளவுதான்” என்றார். கெட்ட மனிதர் அல்ல, பிள்ளைக்கு நல்லது என்று நம்பித்தான் வருகிறார், அதுதான் எனக்கு அச்சம். வாசலில் நின்று தடுக்க எனக்கு உரிமை இல்லை என்று அவர் நினைக்கிறார். மாப்பிள்ளை அவர்கள் தம் தகப்பனாருக்குத் தம் கையால் ஒரு வரி எழுத வேண்டும், அல்லது போனில் சொல்ல வேண்டும். 5-5க்கு முன் சொல்ல வேண்டும்.

போனில் ஏன் நீங்களே சொல்லவில்லை என்று கேட்பாய். 7-4 ஞாயிறன்று பஜாரில் உள்ள பூத்திலிருந்து பேசியபோது சொல்லத்தான் போனேன். தேர்தல் ஜீப் ஒன்று ஒலிபெருக்கியை அலறவிட்டுக்கொண்டு பூத் ஓரமாகவே போயிற்று, நான் காதைப் பொத்தினேன், என் கையைப் பிடித்திருந்த கௌதமன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போது நீ லைனில் வந்துவிட்டாய். “அப்பா, மொதல்ல கௌதமன்கிட்டக் குடுங்க” என்றாய். கொடுத்தேன். அவன் ரிசீவரைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். நீ அந்தப் பக்கம் பேசிக்கொண்டே இருந்தது எனக்குக் கேட்டது. “என்னப்பா, கேசட்டுல அந்தப் பேச்சுப் பேசறான், போன்ல பேசமாட்டீங்கறான், வெக்கமா?” என்றாய். ஆமா கண்ணு, வெக்கம் என்றேன். நான் சொன்னவற்றிலேயே என்னை அதிகம் வதைப்பது அந்த ஒரு சொல்தான். வெட்கப்பட வேண்டியவன் அவன் அல்ல.

11-4 அன்று புறப்படும்போது அஃப்ரா என் முகத்தைப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி, “அய்யா, தப்பா நெனச்சுக்காதீங்க, உங்க மீசை உதட்ட மூடுதுங்க. நீங்க பேசறது பையனுக்குத் தெரியாதுங்க” என்றார். உன் கல்யாணப் படத்தில் நீ பார்க்கும் அதே மீசை. 12-4 காலை எடுத்துவிட்டேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “ஏனுங்க, ஆரோ வேத்தாளு ஊட்டுக்குள்ள வந்துட்டாப்ல இருக்குதுங்க” என்று ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாகச் சிரித்தாள். கௌதமன் என்னை வெகுநேரம் உற்றுப் பார்த்தான். பிறகு மடியில் ஏறி, ஒரு விரலை என் மேலுதட்டில் வைத்துக்கொண்டான். நான் ‘பால்’ என்றேன், விரலை எடுக்கவில்லை. ‘மாடு’ என்றேன். ‘அம்மா’ என்றேன். அன்று முதல் நான் பேசும்போதெல்லாம் விரலை வைத்துக் காத்திருக்கிறான். ஆசையோடு காத்திருக்கிற பிள்ளைதான். ஆனால் எவ்வளவு காலம் காத்திருப்பான் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

உடன் அனுப்பியிருப்பது ஆறாவது கேசட். நேற்று 13-4 மாலை 4.10 முதல் 4.40 வரை பதிவு செய்தது, ஒரு பக்கம் மட்டும். கிருபாவை அவள் வீட்டில் விட்டுவிட்டுக் கதவைத் தாழிட்டேன். இதில் உன் மகனைத் தவிர வேறு பிள்ளை இல்லை. அவன் மூச்சுவிடுவதும், தட்டில் கரண்டி தட்டுவதும், நான் சொற்களைச் சொல்வதும், பதில் இல்லாத இடைவெளிகளும்தான் இருக்கும். ஓட்டிவிடாமல் முழுவதும் கேள். ஏறக்குறைய இருபத்திரண்டாவது நிமிடத்தில் அவனிடமிருந்து ஒரு ஒலி வருகிறது. அது என்ன என்று நான் எழுதமாட்டேன். அது சொல்தான் என்று பாவாத்தாள் அடித்துச் சொல்கிறாள். நான் ஒருமுறை ஏமாற்றியவன், அதனால் இதற்கு நான் பெயர் வைக்கவில்லை. ஆஸ்பத்திரிப் படிவத்தில் முதல் சொல்லின் தேதி இன்னும் காலியாகவே இருக்கிறது. அதை நிரப்ப நீ இங்கே இருக்க வேண்டும்.

என்னை மன்னிக்கச் சொல்லி இதில் கேட்கவில்லை, அதற்கு நேரம் பிறகு இருக்கிறது. உன் அம்மாவைக் கடிந்துகொள்ளாதே, எழுதியவன் நான். நீயும் மாப்பிள்ளை அவர்களும் எந்தக் குறையும் இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று நானும் உன் அம்மாவும் தலைமேல் கைவைத்து வாழ்த்துகிறோம். மறுபடியும் நினைவூட்டுகிறேன். 30-4 அன்று கையெழுத்து வேண்டாம். 2-5 காலை பத்து மணிக்குக் கருவி. 5-5க்கு முன் சம்பந்திக்கு மாப்பிள்ளையின் சொல். ஜூன் மாதம் எந்தத் தேதி, எந்த வண்டி என்று மட்டும் எழுது, நான் கௌதமனோடு ஸ்டேஷனில் நிற்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ச. ராசப்பன்.

பி.கு.: இதை மடித்து உறையில் இடும் நேரத்தில், 11.52க்கு, மேட்டில் வேட்டுக் குரல் கேட்டது. மழைக்கு முன் முடிக்க வேண்டுமென்று ஞாயிற்றுக்கிழமையும் வேலை நடக்கிறது. வாசல் கதவுக்குக் கொக்கி போட்டிருந்தோம், அதைத் திறக்க அவன் 10-4 அன்றே கற்றுக்கொண்டுவிட்டான். வேலி ஓரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டாவது குரலுக்கும் மூன்றாவது குரலுக்கும் இடையில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். இன்று நான் வீட்டில் இருந்தேன்.